கழன்றதும் மாட்டியதும்

வால்கீரியா நோப்ரெகாவும் நானும் பத்தொன்பது வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்தோம். காம்பினா கிராண்டியில் நீர்மட்ட அலுவலகம், இரண்டாம் மாடி. சுற்றுவட்டாரத்தில் நூற்று நாற்பது ஏரிகள். ஏரிக்கரையில் மானி மாட்டுவது, அதில் அப்பிய சேற்றை வழிப்பது, குளவிக்கூட்டைத் தட்டிவிடுவது என் வேலை. மானி அனுப்பும் எண் கணினிக்குள் ஒழுங்காகப் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. கால்பந்தில் அவள் ட்ரெஸி கட்சி, நான் காம்பினென்ஸி. திங்கட்கிழமைகளில் எங்கள் இருவரில் ஒருவர்தான் வாயைத் திறப்பார்.

குள்ளமானவள், சத்தமான குரல். தொலைபேசியில் பேசினால் மாடிப்படியில் கேட்கும். கணவன் ஜுராந்திர் பேருந்து ஓட்டினான். பிள்ளை இல்லை.

முதல் தப்பு நடந்தது ஒரு பிப்ரவரியில். அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் கணினி விஷயம் சொல்லியாக வேண்டும். எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன்.

ஏரிகளின் எண்கள் போய்ச் சேரும் டிஸ்க் எங்கள் கட்டடத்தில் இல்லை. தெருவுக்கு எதிர்ப்பக்கம் பழைய கட்டடத்தில் இருந்தது. கேபிள் வழியாக அதை இங்கே ஒரு ஃபோல்டரோடு மாட்டி வைத்திருந்தார்கள். மாட்டியிருக்கும்வரை அந்த ஃபோல்டரில் எழுதுவதெல்லாம் எதிர்க்கட்டடத்துக்குப் போகும். கழன்றுவிட்டால் அது வெறும் ஃபோல்டர். அதில் எழுதுவது கணினியின் தற்காலிக நினைவில்தான் நிற்கும். மின்சாரம் போனால் அதோடு சரி.

அந்தப் பிப்ரவரியில் ஒரு நாள் கேபிள் நாலே நாலு நொடி செத்துப் பிழைத்தது. டிஸ்க் கழன்றது, தானே திரும்ப மாட்டிக்கொண்டது. அந்த நாலு நொடிக்குள் எங்கள் நிரல் மழைப் பருவத்துக்கான புதுக் கோப்பைத் திறந்துவிட்டது, வெறும் ஃபோல்டரில். அதன்மேல் டிஸ்க் வந்து மூடிக்கொண்டது. வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் சரியாக இருந்தது. நிரலோ அடியில் கிடந்த கோப்பைப் பிடித்துக்கொண்டு நாலரை மாதம் அதிலேயே எழுதிக்கொண்டிருந்தது. சுவரில் தொங்கிய திரையில் அன்றன்றைய மட்டம் வேறு வழியாக வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஜூன் கடைசியில் புனித ஜுவாவ் திருவிழா விடுமுறை. ஊரெல்லாம் சொக்கப்பனையும் ஆட்டமுமாக இருக்கும்போது எங்கள் கட்டடத்தில் ஒயரிங் மாற்ற வந்தார்கள். மின்சாரத்தை நிறுத்தினார்கள். திரும்பப் போட்டபோது அந்த வருஷத்து மழைப் பருவமே இல்லை.

மற்ற ஏரிகளுக்கு எப்படியோ ஒப்பேற்றினார்கள். பெட்ரா மோலி ஏரியில் முடியவில்லை. அங்கே தண்ணீர்ப் பங்கீட்டுக் குழு உண்டு. பருவத்தில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று பதிவு இல்லையென்றால், அதை மிகக் குறைந்த வருஷமாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. அப்படி எடுத்துக்கொண்டால் கீழ்மதகைத் திறந்து வைத்திருக்க முடியாது. மதகுக்குக் கீழே அறுபத்திரண்டு குடும்பம் வெங்காயம் போட்டிருந்தது.

விஷயத்தைச் சொல்ல என்னைத்தான் அனுப்பினார்கள். வால்கீரியா தானும் வருவேன் என்று வண்டியில் ஏறிக்கொண்டாள்.

விவசாயிகள் சங்கத் தலைவர் அன்ஃப்ரீசியு. எழுபது வயது, தோல்தொப்பி. கொட்டகையில் எங்களுக்கு நாற்காலி போட்டுவிட்டு அவர் நின்றுகொண்டார்.

"அப்ப இந்த வருஷம் மழை பேயலேங்கறீங்க."

"பேஞ்சுது ஐயா. பதிவுல இல்ல."

"நான் நனைஞ்சேன்யா. என் மாடு நனைஞ்சுது. அதைக் கூட்டிட்டு வந்து சாட்சி சொல்ல வைக்கவா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. வால்கீரியா பக்கம் திரும்பினார்.

"அந்த மெஷினைப் பாத்துக்கறவங்க நீங்கதானா டோனா?"

"ஆமா ஐயா."

"டிஸ்க் கழண்டது அதுக்குத் தெரியாதா?"

"தெரியும். அந்த நொடியே தெரியும்."

"தெரிஞ்சு?"

"யார்கிட்டயும் சொல்லல. அது அப்படித்தான் ஐயா, தானா சொல்லாது. என்னென்ன மாட்டியிருக்குன்னு நாமதான் அப்பப்ப கேக்கணும். நாங்க பத்து நொடிக்கு ஒருதரம் கேட்டோம். அது நடுவுல கழண்டு நடுவுலயே மாட்டிக்கிச்சு. ரெண்டு தரமும் ஒரே பதில்தான் வந்துது."

அன்ஃப்ரீசியு தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டினார். "நல்ல வேலைக்காரன் வச்சிருக்கீங்க. வீடு எரிஞ்சாலும் கேட்டாத்தான் சொல்லுவான்."

காம்பினென்ஸி அந்த ஞாயிறு மூன்று கோல் வாங்கியிருந்தது. திரும்பி வரும் வழியில் அவள் அந்தப் பேச்சைக்கூட எடுக்கவில்லை.

செப்டம்பரில் கீழ்மதகை அடைத்தார்கள். டிசம்பருக்குள் பாதிக் குடும்பம் கிளம்பிவிட்டது. அன்ஃப்ரீசியு மாட்டை விற்றுவிட்டுக் கொயானியாவில் இருந்த மகனிடம் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

கணினியின் அடிமட்டத்தில் எல்லாவற்றையும் ஆளுகிற நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். டிஸ்க்கை மாட்டுவதும் கழற்றுவதும் அதுதான். அதை உலகம் முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதுகிறார்கள். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம், எல்லோரும் பார்க்கிற மெயில் பட்டியலுக்கு. ஏற்றுக்கொள்வது அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் கையில். இதெல்லாம் வால்கீரியா எனக்குச் சொன்னது.

"எது கழண்டுது, எது மாட்டினது, எந்த வரிசையிலன்னு கெர்னல் தானா சொல்லணும் எரோ. கேக்கற நிரலுக்கு ஒண்ணு விடாம சொல்லணும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதான்னா ஏன் இத்தனை வருஷமா யாரும் செய்யல?"

"அதான் தெரியல. செஞ்சு பாக்கறேன்."

என் பெயர் எரோனில்டிஸ். அதை முழுதாகச் சொல்ல அவளுக்கு என்றைக்கும் பொறுமை இருந்ததில்லை.

காலை ஐந்து மணிக்குக் காவலாளியிடம் சாவி வாங்கிக்கொண்டு மேலே வருவாள். அப்போது ஐரோப்பாவில் ஒன்பது, பத்து மணி. ஆட்கள் மெயில் பார்க்கும் நேரம். ஏழரைக்கு நான் வரும்போது ஃபிளாஸ்கில் காபி பாதி தீர்ந்திருக்கும். வீட்டிலிருந்து கொண்டுவந்த கூஸ்கூஸ் டப்பா திறக்காமலே கிடக்கும்.

எட்டு மாதம் கழித்து முதல் திருத்தம் போனது. வந்த பதில்களை அவள் எனக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். ஒருவர் வரிகளின் இடைவெளி சரியில்லை என்றார். ஒருவர் இதைக் கெர்னலில் ஏன் செய்ய வேண்டும், வெளியே செய்யலாமே என்றார். மூன்றாவது பதில் நார்வேயிலிருந்து. டோர்கிரிம் என்றொருவர், இந்தப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. மூன்றே வரி. "பிரச்சினை உண்மையானது. வழி தவறு. மறுபடி முயலுங்கள்."

"இதுக்கா இப்படிச் சிரிக்கறே? தப்புன்னுதானே சொல்றான்."

"உண்மையான பிரச்சினைன்னு சொல்லியிருக்கான் பாரு. நம்ம டைரக்டர் இதுவரைக்கும் அதைச் சொல்லியிருக்காரா?"

டைரக்டர் டாக்டர் க்ளோடோவால்டு சொன்னது வேறு. "வால்கீரியா, ஒரு சைக்கிள் பஞ்சராச்சுன்னா டியூபை ஒட்டுவாங்க. நீ ரப்பர் தோட்டம் போடறே." அலுவலகமே ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. எங்கள் நிரலில் அவள் அந்த ஓட்டையை அப்போதே ஒருமாதிரி அடைத்துவிட்டாள் என்பதும் உண்மைதான். அடைத்தது நிற்கும் என்று அவளுக்கே நம்பிக்கை இல்லை. "திண்டாட்டம் எங்கிட்ட மட்டும் இல்ல எரோ. எத்தனை நிரல் இப்படி அடியில எழுதிட்டிருக்கோ, யாருக்குத் தெரியும்?"

இரண்டாவது திருத்தம், மூன்றாவது, நாலாவது. ஒவ்வொன்றிலும் ஒரு புது முடிச்சு. கேட்கிற நிரல் மெதுவாக இருந்து, சொல்ல வேண்டிய செய்தி குவிந்துபோனால்? எதைத் தள்ளுவது? ஒன்றைத் தள்ளினாலும் பழைய கதைதானே. ஒருவர் மாட்டியதை இன்னொருவருக்குச் சொல்லலாமா? சொல்வது வேவு பார்ப்பதாகாதா? ஐந்தாவதில் தானாகச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று அவளுடைய திருத்தத்தில் கணினி உறைந்துபோவதைக் கண்டுபிடித்தது. மூன்று மாதம் அதற்கே போனது. டோர்கிரிம் ஒவ்வொரு முறையும் பதில் போட்டார். ஒரு வாரம் ஆகும், சில சமயம் ஆறு வாரம் ஆகும். ஆனால் போட்டார். மற்றவர்கள் எழுதுவது நின்றுபோனது.

நாலாவது வருஷம் ஜுராந்திர் என்னைப் பேருந்து நிலையத்தில் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, உண்மையைச் சொல்லுங்க. அந்த நார்வேக்காரன் எப்படி இருப்பான்?"

"அறுபத்தஞ்சு வயசு கிழவன்டா. போட்டோ பாத்திருக்கேன். தாடி, ஸ்வெட்டர்."

"கிழவனா" என்றான். "வயசுப்பையனா இருந்தாக்கூட மனசு ஆறும்ணே. அடிக்கலாம், உதைக்கலாம். இது என்னன்னே எனக்குப் புரியல."

அடுத்த வருஷம் அவன் தனியாக அறை எடுத்துக்கொண்டு போனான். சண்டை எதுவும் இல்லை. அவள் ஐந்து மணிக்கு வருவது நாலரை ஆனது.

கெர்னல்காரர்கள் வருஷம் ஒருமுறை ஓர் ஊரில் கூடுவார்கள். அந்த வருஷம் டோர்கிரிம் அவளுக்குப் பத்து நிமிஷம் வாங்கிக் கொடுத்தார், வீடியோவில் பேச. முன்னால் பேசியவர் நேரத்தைத் தின்றுவிட்டதால் அவளுக்கு ஏழு நிமிஷம்தான் கிடைத்தது. நான் திரைக்குத் தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முடித்ததும் ஒரு கேள்வி வந்தது. அவள் பதில் சொன்னாள். அந்தப் பக்கம் யாரோ மெதுவாகச் சிரித்தார்கள். இன்னும் ஏதோ கேட்டார்கள். நேரம் முடிந்தது.

"என்ன கேட்டாங்க?"

"இதை யாரு பயன்படுத்தப் போறாங்கன்னு."

"நீ என்ன சொன்னே?"

"நூத்தி நாப்பது ஏரின்னேன்." ஹெட்போனைக் கழற்றி வயரைச் சுற்றினாள். "சரி, அதைத் தவிர வேற யாருன்னு கேட்டாங்க."

ஆனாலும் ஒன்பதாவது திருத்தத்துக்கு டோர்கிரிமிடமிருந்து வந்த பதிலை நான் மறக்கமாட்டேன். அக்டோபர் மாதம். தொப்பியைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் வந்த என்னைப் பிடித்து உலுக்கினாள். "எடுத்துக்கறேன்னு எழுதியிருக்கான் எரோ! அடுத்த சுற்றுல எடுத்துக்கறேன்னு!" அன்று அலுவலகம் முழுக்க அவள் செலவில் கேக். டைரக்டரும் ஒரு துண்டு சாப்பிட்டார். "ரப்பர் மரம் காய்ச்சுதா?" என்றார். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

அடுத்த சுற்றுக்குத் திருத்தங்களைச் சேர்க்கும் இரண்டு வாரம் வந்தது, போனது. அவளுடைய திருத்தம் அதில் இல்லை. மரியாதையாக ஒரு மெயில் போட்டாள். பதில் இல்லை. இன்னொரு மாதம் பொறுத்து இன்னொன்று போட்டாள். ஜனவரியில் பட்டியலில் யாரோ ஒருவர் நாலு வரி எழுதினார். டோர்கிரிம் நவம்பரில் பக்கவாதம் வந்து விழுந்தார், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் இறந்துவிட்டார், குடும்பத்தார் அமைதியை விரும்புகிறார்கள்.

வால்கீரியா அந்த மனிதரின் குரலைக்கூடச் சரியாகக் கேட்டதில்லை. கழிப்பறைக்குப் போனவள் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. துப்புரவு செய்யும் நெய்தி போய்க் கதவைத் தட்டினாள்.

"டோனா, யாராவது செத்துட்டாங்களா?"

"ஆமா."

"உறவா?"

உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

பொறுப்பு வேறு ஒருவரிடம் போனது. ஒரு பெரிய கம்பெனியில் குழு வைத்து வேலை செய்கிறவர். அவள் பத்தாவது திருத்தத்தை அனுப்பினாள். இந்தப் பகுதியை முழுதாக மாற்றி அமைக்கப் போகிறோம், அதற்குப் பிறகு பார்க்கலாம் என்று பதில் வந்தது. பதினொன்றாவதற்குப் பதிலே வரவில்லை. ஒன்றரை வருஷம் கழித்து அந்தக் குழுவே ஒரு திருத்தம் போட்டது. எது கழன்றது, எது மாட்டியது, எந்த வரிசையில் என்று கேட்கிற நிரலுக்குக் கெர்னல் தானாகச் சொல்லும். இரண்டே வாரத்தில் எல்லோரும் சரி என்றார்கள். சேர்ந்துவிட்டது.

நான் கொதித்துப்போனேன். "திருடிட்டானுங்க. எழுது. எல்லாருக்கும் தெரியற மாதிரி எழுது."

"திருடல எரோ."

"பின்ன?"

"நான் மூணு நாளா உக்காந்து படிச்சேன். என்னோடத மாதிரியே இல்ல. ஏற்கெனவே இருக்கற வேற ஒரு அறிவிப்பு வழிக்குள்ள இதைக் கொண்டுபோய் வச்சிட்டாங்க. பாதி அளவுதான் இருக்கு. உறையாது. என்னோடதைவிட நல்லா இருக்கு. எனக்கு இது தோணவே இல்ல. ஆறு வருஷம்."

திருடியிருந்தால் தேவலை என்று எனக்குத் தோன்றியது.

பெயர் போனால் போகிறது, விஷயம் வந்துவிட்டதே, நம் கணினிக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றேன். அவள் மனு எழுதி டைரக்டரிடம் கொடுத்தாள். முடியாது என்று வந்தது. அது வீம்பு இல்லை. ஏரி மானிகளின் சிக்னலை வாங்குகிற அட்டை ஒன்று எங்கள் கணினிக்குள் இருக்கிறது. அது பழைய கெர்னலில் மட்டும்தான் ஓடும். அதை விற்ற கம்பெனி எப்போதோ மூடிவிட்டது. நூற்று நாற்பது ஏரிக்கும் புது அட்டை, புது மானி என்றால் யாரிடம் கேட்பது?

பழைய கெர்னலுக்குப் பொருந்துவது அவளுடைய ஒன்பதாவது திருத்தம் ஒன்றுதான், டோர்கிரிம் எடுத்துக்கொள்கிறேன் என்றது. ஒரு மார்ச் மாதம், யாரிடமும் சொல்லாமல், அதை எங்கள் கணினியில் ஏற்றினாள். என்னிடம்கூடச் சொல்லவில்லை.

பதினொரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் சனிக்கிழமை. ஏரிகள் இருக்கும் கரிரிப் பக்கம் பேய்மழை. எதிர்க்கட்டடத்து கேபிள் வழக்கம்போல் செத்துப் பிழைத்தது. டிஸ்க் கழன்றது. செய்தி சொல்ல வந்த பகுதி ஒரு பூட்டைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதே பூட்டுக்காக டிஸ்க்கை மாட்ட வேண்டிய பகுதி காத்து நின்றது. ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டும் நின்றுவிட்டன. கணினி அப்படியே உறைந்தது. திங்கள் காலை அவள் வந்து பார்க்கும்வரை நூற்று நாற்பது ஏரியிலிருந்தும் ஓர் எண்கூட வரவில்லை. அந்த இரண்டு நாளில் ஒரு சின்ன ஏரியின் கரை அரித்துக்கொண்டு போயிருந்தது. சனிக்கிழமையே தெரிந்திருந்தால் உபரித் தண்ணீர் போகும் கலிங்கைத் திறந்துவிட்டிருப்பார்கள். உயிர்ச்சேதம் இல்லை. நாற்பது ஆடுகள், ஒரு பள்ளிக்கூடத்துச் சுவர், ஒரு பாலம்.

விசாரணையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

"இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"தெரிஞ்சிருந்தா தடுத்திருப்பீங்களா?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "தடுத்திருப்பேன்" என்றேன். பொய்யா உண்மையா என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

அவள் எதையும் மறைக்கவில்லை. எந்தத் தேதியில் ஏற்றினாள், எந்த வரியில் தப்பு, எல்லாவற்றையும் அவளே எழுதிக் கொடுத்தாள். வேலையைப் பறிக்கவில்லை. கணினி அறைக்குள் நுழையக்கூடாது என்று எழுதி, கீழ்த்தளத்தில் ஆழ்துளைக் கிணறு அனுமதி தரும் பிரிவுக்கு மாற்றினார்கள். முத்திரை குத்துகிற வேலை. காலை எட்டு மணிக்கு வந்தால் போதும்.

அவள் மேசையில் இப்போது ஸ்கேனர் இருக்கிறது. திங்கட்கிழமை நான் கீழே இறங்கிப் போய் ட்ரெஸி தோற்றதைச் சொன்னால், "அப்படியா" என்பாள்.

போன ஆகஸ்டில் எங்கள் பிரிவின் பழைய மெயில் முகவரிக்கு ஒரு கடிதம் வந்தது. மொசாம்பிக்கிலிருந்து, எங்கள் மொழியிலேயே; அங்கேயும் அதைத்தான் பேசுகிறார்கள். அங்கே ஓர் ஊர் ரத்த வங்கியில் கணினி பார்த்துக்கொள்கிற பெண், பெயர் செலெஸ்தீனா. குளிர்பெட்டிகளின் வெப்ப அளவை எழுதுகிற நிரல் அவளையும் இதேபோல் இரண்டு முறை ஏமாற்றிவிட்டதாம். அவர்கள் கணினியிலும் கெர்னலை மாற்ற வழியில்லையாம். தேடியதில் பட்டியலில் டோனா வால்கீரியாவின் ஒன்பதாவது திருத்தம் கிடைத்ததாம். பெரியவர் ஒருவர் அதை எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருப்பதையும் பார்த்தாளாம். "உங்களிடம் அது ஓடுகிறதா? நாங்களும் போட்டுக்கொள்ளலாமா?"

அதை அச்செடுத்துக்கொண்டு கீழே போனேன். அவள் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தாள். இரண்டாம் முறை படித்தாள்.

"உறைஞ்சுடும்னு சொல்லிடு" என்றாள்.

"நீயே எழுதேன். உன்னைத்தான் கேக்கறா."

"ஜனங்க நிக்கறாங்க எரோ."

நின்றார்கள்தான். கையில் காகிதத்தோடு ஏழெட்டுப் பேர். அவள் தாளை என்னிடம் நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

மேலே வந்து நானே எழுதினேன். அதைப் போடாதீர்கள் அம்மா, இங்கே போட்டோம், உறைந்துவிட்டது, நஷ்டம் ஆனது. எழுதியவர் இப்போது இந்தப் பிரிவில் இல்லை.

மறுநாளே பதில் வந்தது. நல்லவேளை சொன்னீர்கள், மிக்க நன்றி என்றிருந்தது. அதன் கீழே இன்னொரு வரி. "அப்படியானால் எங்களுக்கு வேறு என்ன வழி இருக்கிறது?"

நான் மானி மாட்டுகிறவன். எனக்கு என்ன தெரியும்? ஒரு வாரம் அந்த மெயிலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அதற்குப் பிறகு ஏரி மானிகளுக்குப் பேட்டரி மாற்றக் கிளம்பிவிட்டேன்.